ஆர்மரோட் அம்மாளும் ஆறு இலக்கமும்

“என் மகனுக்கு அவன் நம்பர் தெரியாது, உனக்குத்தான் தெரியும், அப்படித்தானே? கழுத்துல கட்டிக்கிட்டுத் திரிஞ்சவன் அவனா, நீயா?”

எரிவாயு அலுவலகத்தின் கட்டணச் சன்னலில் நின்று ஹெஸ்டர் ஆர்மரோட் இப்படிக் கத்தியபோது அவளுக்குப் பின்னால் வரிசையில் பதினோரு பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் அவசரப்படுத்தவில்லை. வீட்டில் அடுப்பு காத்திருந்தது. இருந்தாலும் இந்தச் சண்டையை விட்டுப் போக யாருக்கும் மனசில்லை. சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் ஹெர்பர்ட் லோமாக்ஸ். போர்க்காலத்தில் அவன் பட்டாளத்து எழுத்தர். ஊர்ப் பையன்களுக்கு எண் போட்ட கை அவனுடையது. இப்போது அதே கையால் எரிவாயுக் கணக்கு எழுதுகிறான்.

“பெரியம்மா, இது கேஸ் ஆபீசு. பட்டாளம் கலைஞ்சு ரெண்டு வருஷமாச்சு.”

“பட்டாளம் கலைஞ்சிருக்கலாம். நீ கலையலையே. பேனாவும் கையுமா அப்படியேதானே உக்காந்திருக்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹெஸ்டர் சிரிக்கவில்லை. அவள் சிரித்துப் பார்த்தவர்கள் அந்த இங்கிலாந்து ஆலை ஊரான பிளாக்பர்னில் குறைவு.

வயது ஐம்பத்தெட்டு. பத்து வயதில் அரைநாள் பள்ளி, அரைநாள் ஆலை என்று தொடங்கியவள். பள்ளியில் அந்த அரைநாளும் தூங்கியே கழிந்தது. எண்கள் நன்றாக வரும். எழுத்தை மட்டும் விரல் வைத்து, ஒவ்வொன்றாக அதட்டித்தான் வாசிப்பாள். நாலு தறி ஓட்டுகிறாள். தறிக்கூடத்தின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் அலறினாலும் கேட்காது. அங்கே பெண்கள் உதட்டால் பேசி, கண்ணால் கேட்பார்கள். நாற்பத்தெட்டு வருஷம் அப்படியே பேசியதில் வீட்டிலும் ஹெஸ்டருக்கு அதே பழக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலத் திறப்பாள். எதிராளியின் கண்ணைப் பார்க்கமாட்டாள், உதட்டைத்தான் பார்ப்பாள். ஜெப வீட்டில் புதிதாக வந்த போதகர் ஒருமுறை பாட்டுப் புத்தகத்தைக் காலில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் ஏதோ சொல்லிவிட்டார். கூட்டம் முடிந்து கைகுலுக்கும்போது, “நீங்க சொன்ன அந்த வார்த்தையை என் வீட்டுக்காரர் குடிச்சிருந்தாத்தான் சொல்லுவாரு” என்றாள். அதன் பிறகு அவர் பிரசங்க மேடையில் கைக்குட்டையை வாயருகே பிடித்துக்கொள்கிறார்.

மடித்துணியின் பையில் மூக்குப்பொடி டப்பி இருக்கும். கோபம் வந்தால் ஒரு சிட்டிகை. அதனால் டப்பி சீக்கிரம் காலியாகும்.

கணவன் ஈனக் நெஞ்சு அடைத்துச் செத்துப் பன்னிரண்டு வருஷம். ஒரே மகன் ஜேபஸ். அவனும் தறிக்காரன்தான். 1917 அக்டோபரில் ஃப்ளாண்டர்ஸ் போர்க்களச் சேற்றில் போனவன் போனவன்தான். “காணவில்லை” என்று முதலில் ஒரு காகிதம், “இறந்ததாகக் கொள்ளப்படுகிறது” என்று பிறகு ஒன்று. இரண்டிலும் அவன் பெயருக்கு முன்னால் 200488 என்று இருந்தது. ஹெஸ்டரின் அலமாரியில் ஜேபஸ் எழுதிய ஒன்பது கடிதங்கள் இருந்தன. ஒன்பதிலும் அவன் கையால் எழுதியிருந்த எண் 200489.

ஒரு இலக்கம்தான். அந்த ஒரு இலக்கத்துக்காக மூன்று வருஷத்தில் லண்டன் பட்டாள அலுவலகத்துக்குப் பதினான்கு கடிதம் போட்டுவிட்டாள். பதில் எல்லாம் ஒரே அச்சு. ‘தங்கள் மகன் எண்ணைத் தவறாக எழுதியிருக்கலாம். இனி எழுதும்போது மேற்கண்ட எண்ணைக் குறிப்பிடவும்.’ அந்த வரியைப் பார்த்தால் ஹெஸ்டருக்கு உச்சந்தலை கொதிக்கும். தன் கடிதத்தின் தலையில் கூட்டுறவுக் கடையில் தனக்கு இருக்கும் உறுப்பினர் எண்ணைப் பெரிதாக எழுதுவாள். 3307. அதன் கீழே, ‘இனி எனக்கு எழுதும்போது இந்த எண்ணைக் குறிப்பிடவும்.’

“முப்பது வருஷமா அந்தக் கடையில மாவு வாங்குறேன், சர்க்கரை வாங்குறேன். ஒருநாள்கூட என் நம்பரை இன்னொருத்திக்கு எழுதினதில்ல. அரை ராத்தல் வெண்ணெயைப் பத்திரமா எழுதி வைக்கத் தெரியுது அந்த மளிகைக்காரனுக்கு. இவனுங்களுக்கு ஒரு ஆம்பளையை எழுதி வைக்கத் தெரியல.”

போர் முடிந்த நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி பதினோரு மணிக்கு ஆலையில் எல்லாத் தறியும் நிற்கும். இரண்டு நிமிடம் தலை குனிந்து நிற்க வேண்டும். ஹெஸ்டர் அப்போது தறிக்கு அடியில் பஞ்சுத் தூசியைப் பெருக்குவாள். அந்த அமைதியில் துடைப்பச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும். மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கண்டித்தார். “பதினாலு கடுதாசி போட்டேன். அவங்க வாயே திறக்கல. இப்ப நான் வாயை மூடிக்கிட்டு நிக்கணுமாக்கும்?” என்று கேட்டாள். அவர் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். அவருக்கும் ஒரு தம்பி போயிருந்தான்.

லோமாக்ஸிடம் அவள் சண்டைக்குப் போனது இது முதல் தடவை அல்ல. ஒவ்வொரு தடவையும் அவன், “பட்டியல்ல இருக்கறதுதான் நம்பர்” என்பான். அன்றும் அதையே சொன்னான். ஹெஸ்டர் பொடியை உறிஞ்சிவிட்டு, கட்டணத்தைச் சன்னலில் விசிறிவிட்டு நடந்தாள். வாசலில் கதவைத் தள்ளும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லோமாக்ஸ் பக்கத்து மேசைக்காரனிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்துக் கொண்டிருந்தான். பக்கத்து மேசைக்காரனுக்கே அது பாதிதான் கேட்டிருக்கும். ஹெஸ்டருக்கு முழுக்கக் கேட்டது.

திரும்பி வந்தாள். வரிசை தானாக விலகி வழிவிட்டது.

“‘சம்பள மேசையில மாத்திக் குடுத்தவன் நான்தான். சொன்னா இந்த வேலையும் போயிடும்.’ இதானேடா சொன்ன? இன்னொரு தடவை சொல்லு. இந்தப் பதினோரு பொம்பளைங்களும் கேக்கட்டும். எல்லாரும் தறிக்காரிங்கதான், நீ சத்தம்கூடப் போட வேணாம்.”

லோமாக்ஸ் பேனாவைக் கீழே வைத்தான். மத்தியான இடைவேளையில் பின்வாசல் படிக்கு வரச் சொன்னான். வந்தாள். அவன் மடியில் உருளைக்கிழங்கும் கறியும் வைத்துச் சுட்ட மாப்பண்டம் இருந்தது. கடைசி வரை அவன் அதைக் கடிக்கவில்லை. அவளும், “சாப்பிட்டுட்டுச் சொல்லு” என்று சொல்லவில்லை.

“முன்னெல்லாம் ஒவ்வொரு பட்டாலியனும் தனித்தனியா ஒண்ணுல இருந்து நம்பர் போடுவாங்க பெரியம்மா. யார் முன்னாடி வந்து சேர்றானோ அவனுக்குச் சின்ன நம்பர். ஜேபஸுக்கு 1634. ஆனா எங்க ரெஜிமெண்ட்லயே இன்னும் மூணு பேருக்கு 1634 இருந்தது, வேற வேற பட்டாலியன்ல. ஒருத்தன் கடுதாசி இன்னொருத்தனுக்குப் போகும். ஒருத்தன் செத்தா இன்னொருத்தன் வீட்டுக்குச் சேதி போகும். அந்தக் குழப்பம் வரக்கூடாதுன்னுதான் பதினேழுல எல்லாருக்கும் புதுசா ஆறு இலக்கம் போடச் சொன்னாங்க.”

“நல்லாத்தான் வராமப் பாத்துக்கிட்டீங்க.”

“பழைய பட்டியலை எடுத்து, அதே வரிசையில மேல இருந்து கீழ புது நம்பர் எழுதினேன். செத்தவனுக்குப் புது நம்பர் கிடையாது. கை கால் போய் வீட்டுக்கு வந்தவனுக்கும் கிடையாது. ஜேபஸ் 1634. டார்வென்காரன் ஒருத்தன் இருந்தான், ஜோயல் ஆர்மரோட், அவன் 1641. நடுவுல ஆறு பேர். ஆறு பேருமே இல்ல.”

ஹெஸ்டர் அந்த ஆறு பேரில் நாலு பேரின் அம்மாக்களை அறிவாள்.

“அதனால ரெண்டு ‘ஆர்மரோட் ஜெ.’ மேலயும் கீழயும் வந்துடுச்சு. 488 உங்க பையன், 489 டார்வென் பையன். சம்பள மேசையில நம்பர் அடிச்ச கழுத்து வில்லையைக் குடுக்கறப்ப பழைய நம்பரைக் கேட்டுட்டுத்தான் குடுக்கணும். அதான் விதி. அன்னிக்குக் குளிர்ல மை உறைஞ்சு கெடக்கு, எண்ணூறு பேர் நிக்கறாங்க. ‘ஆர்மரோட் ஜெ.’ன்னு கூப்பிட்டேன். ஒருத்தன் வந்தான். கைக்கு வந்ததைக் குடுத்தேன். அடுத்தவனுக்கு அடுத்தது.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“ஒரு வாரத்துல.”

“ஒரு வாரத்துல!”

“திருத்தணும்னா மேஜர் கிட்டப் போய் நிக்கணும் பெரியம்மா. பட்டியல் ஏற்கெனவே லண்டனுக்குப் போயிருச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே பேரு, ஒரே சபை. என்ன ஆயிடப் போகுதுன்னு விட்டுட்டேன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல போவாங்கன்னு நான் கண்டனா? கிடைச்சது ஒருத்தன் உடம்புதான், டார்வென்காரன்னு பொதைச்சுட்டாங்க.”

அப்போதுதான் ஹெஸ்டருக்கு முழுசும் விளங்கியது. அந்த நாளில் ஒரு ஆர்மரோட்டின் உடம்பு கிடைத்தது. கழுத்தில் 489. பட்டியலைப் பார்த்தார்கள். ஜோயல் என்றார்கள். மரச்சிலுவை நட்டு, டார்வெனில் இருக்கும் அவன் அம்மாவுக்குச் சேதி அனுப்பினார்கள். கிடைக்காமல் போனவனை ஜேபஸ் என்று எழுதினார்கள். நாலு வருஷமாகப் புதைக்க இடமில்லாதவன் என்று நினைத்திருந்த அவள் மகன் ஆறடி மண்ணில் ஒழுங்காகப் படுத்திருக்கிறான், இன்னொருத்தி பிள்ளையாக. இந்த வருஷம் சிலுவையை எடுத்துவிட்டுக் கல் நடப்போகிறார்கள். கல்லின் உச்சியில் எண்ணைச் செதுக்கிவிட்டால் பிறகு அது அசையாது.

“எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு.”

“என் வாய்வார்த்தையை மட்டும் லண்டன் ஒத்துக்காது. ஜோயல் எழுதின கடுதாசி ஒண்ணு வேணும். அதுல 488ன்னு இருக்கும். அதைக் கொண்டுவாங்க, போடறேன்.”

“வேலை போயிடுமே?”

லோமாக்ஸ் ஆறிப்போன பண்டத்தைப் பார்த்துக்கொண்டே, “போனாப் போகட்டும்” என்றான். ஹெஸ்டருக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் அவளே ஆச்சரியப்பட்டிருப்பாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆலை விட்டதும் டிராமில் டார்வென் போனாள். செலினா ஆர்மரோட் மெலிந்தவள், ஐம்பதுகூட ஆகாதவள். பையன் சுவர்க்காகிதத் தொழிற்சாலையில் சாயம் கலக்கியவன். இரண்டு ஆர்மரோட்டுக்கும் சொந்தமில்லை. அந்த மலையடிவாரத்தில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு ஆர்மரோட்தான். செலினா நல்ல முகத்தோடு உள்ளே கூப்பிட்டு, தேநீர் ஊற்றினாள். கணப்புக்கு மேலே சட்டம் போட்ட படம். மரச்சிலுவை, பின்னால் சேறு. சட்டத்தைச் சுற்றிக் காகிதப் பூ.

ஹெஸ்டர் படத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே ஆணியில் தொங்கியதைப் பார்த்தாள். மெல்லிய தட்டையான இரும்புக் கொக்கி, மரக்கைப்பிடி. அறுந்த இழையைத் தறியின் பற்களுக்கு நடுவே இழுக்க உதவும் கொக்கி. தறிக்காரன் சட்டைப்பையில் அது இல்லாமல் இருக்காது. கைப்பிடியில் பல் தடம். மகனுக்குப் பதின்மூன்று வயதில் இரண்டு தறி கிடைத்த அன்று ஹெஸ்டர் வாங்கிக் கொடுத்தது. கை நிறைய நூல் இருக்கும்போது அதை வாயில் கவ்விக்கொள்ளும் கெட்ட பழக்கம் ஜேபஸுக்கு.

“அது என்னது?”

“ஜோயலோட சாமான்ல வந்தது. என்னன்னு தெரியல. கந்தல் விரிப்பு பின்ன வசதியா இருக்கு.”

“விரிப்பு பின்றியா? என் பையன் கொக்கியை வெச்சு விரிப்பு பின்றியா நீ?”

கோப்பை கவிழ்ந்தது. அதன் பிறகு ஹெஸ்டர் எதையும் சுற்றிவளைத்துச் சொல்லவில்லை. லோமாக்ஸ், சம்பள மேசை, 488, 489, நடுவில் போன ஆறு பேர். செலினா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். செலினா அழவில்லை.

“தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“கொக்கி வந்தன்னிக்கே தெரியும். சாயக்காரனுக்குக் கொக்கி எதுக்கு? கூட வந்த சட்டையும் அவன் அளவில்ல. மூணு வருஷமாத் தெரியும்.”

“தெரிஞ்சுமா பூ சுத்தி வெச்சிருக்க? என் பையன் தலைமாட்டுல உக்காந்துக்கிட்டு உன் பையனுக்கு ஜெபம் பண்றியா? திருடிடி நீ!”

“ஆமா, திருடிதான்! நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? ‘இது என் புள்ள இல்ல, எடுத்துக்கோங்க’ன்னு எழுதிப் போட்டிருப்பியா? உனக்கு இப்ப ஒரு கல்லு கிடைக்கும். எனக்கு? ஆயிரம் பேரோட ஒரு சுவத்துல ஒரு பேரு. மழை எந்த இடத்துல அவன் மேல பெய்யுதுன்னுகூடத் தெரியாது.”

“அதத்தான் மூணு வருஷமா எனக்குக் குடுத்த.”

செலினா எழுந்து போய் வேதப் புத்தகத்திலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். கொடுக்காமல் மாரோடு பிடித்துக்கொண்டாள்.

“இதை எரிக்கலாம்னு எத்தனையோ தடவை அடுப்புக்கிட்டப் போயிருக்கேன். எடுத்துக்கோ. ஆனா நம்பரை மட்டும் பாத்துட்டு மடிச்சு வெச்சுக்காத. என் முன்னாடி முழுக்க வாசி. சத்தமா.”

விரல் வைத்து ஹெஸ்டர் வாசித்தாள். நேரம் பிடித்தது. சில இடங்களில் செலினா சொல்லை எடுத்துக்கொடுத்தாள், மனப்பாடம்.

‘அம்மா, என் புது நம்பர் 200488. இனிமே உறையில இதையே எழுது. இங்க இன்னொரு ஆர்மரோட் இருக்கான், பிளாக்பர்ன் தறிக்காரன். என் கடுதாசி அவனுக்குப் போகுது, அவன் கேக்கு எனக்கு வருது. பாதி தின்னுட்டுத்தான் குடுப்பேன். அவன் எனக்கு முன்னாடி பட்டாளத்துல சேந்தவன். ஆனா அவன் நம்பரு 489, எனக்குப் பின்னாடி நிக்கிறான். பெரியவன் நான்தான், எனக்கு சல்யூட் அடின்னு கேலி பண்றேன். குளிருக்கு ரெண்டு போர்வையையும் ஒண்ணாப் போட்டுக்கிட்டுத் தூங்கறோம். அவங்க அம்மா ரொம்பக் கோவக்காரங்களாம். அவங்க கேக்கு மட்டும் நல்லா இருக்கு.’

ஹெஸ்டர் கடிதத்தை மடித்தாள். ஆணியிலிருந்து கொக்கியை எடுத்து மடித்துணிப் பையில் போட்டுக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, விடைபெறவும் இல்லை. வாசலில் செலினா, “கல்லு நட்டதும் படம் வந்தா ஒண்ணு...” என்று தொடங்கினாள். ஹெஸ்டர் அவள் உதட்டைப் பார்க்கவில்லை. டிராமுக்கு நடந்தாள்.

லோமாக்ஸ் சொன்னபடியே கையெழுத்துப் போட்டான். அவன் வேலை போகவில்லை. எரிவாயு அலுவலகத்துக்கு அவன் பட்டாளத்துத் தப்பில் அக்கறை இல்லை. அவன் இத்தனை வருஷம் பயந்தது வீண் என்று தெரிந்தபோது ஹெஸ்டருக்குக் கோபம் இன்னும் ஏறியது. லண்டனிலிருந்து நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘வருந்துகிறோம்.’ சிலுவை இனி ஜேபஸ் ஆர்மரோட்டுடையது. கல்லின் உச்சியில், பட்டியல்படி, 200488. உயிரோடு இருந்தபோது அவன் ஒருநாளும் கழுத்தில் கட்டாத எண். தெருவில் எல்லாரும் இன்னொரு பதினான்கு கடிதத்துக்குத் தயாரானார்கள். ஹெஸ்டர், “நம்பரை அவனுங்களே வெச்சுக்கட்டும். புள்ள கிடைச்சுட்டான்” என்றதோடு சரி.

அதே உறையில் இன்னொரு படிவமும் இருந்தது. கல்லின் அடியில் குடும்பத்தார் விரும்பினால் ஒரு வரி செதுக்கலாம். அறுபத்தாறு எழுத்துக்கு மேல் கூடாது. எழுத்துக்கு மூன்றரை பென்ஸ். சொற்களுக்கு நடுவில் விடும் இடமும் ஓர் எழுத்தாகக் கணக்கு.

“ஆளைக் கேக்கறப்ப முழுசாக் கேட்டானுங்க,” என்றாள் ஹெஸ்டர். “இப்ப எழுத்தெழுத்தா விக்கறானுங்க. வெறும் இடத்துக்கும் காசு!”

பக்கத்து வீட்டுக்காரிகள் வேத வசனம் சொன்னார்கள். ஒருத்தி ‘அம்மாவின் கண்மணி’ என்றாள். அவளுக்கு விழுந்த வசவைத் தெரு இன்னும் மறக்கவில்லை. செலினாவோடு ஹெஸ்டர் அதன் பிறகு பேசவில்லை. பிளாக்பர்ன் சந்தையில் ஒருநாள் எதிரெதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாள். போதகர் எழுதித் தருவதாகச் சொன்னதற்கு, “உங்க கைக்குட்டையை முதல்ல கீழ எடுங்க” என்று அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்து, பென்சிலை அடிக்கடி நாக்கில் தொட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாகத் தானே எழுதினாள்: ‘ஜோயல் ஆர்மரோட் இவன் பக்கத்தில் கிடக்கிறான்.’ வெறும் இடத்தையும் சேர்த்து இருபத்தேழு. மறுநாள் ஆலைக்குப் போகும் வழியில் தபாலாபீசில் பணத்தைக் கட்டினாள். ஏழு ஷில்லிங் பத்தரை பென்ஸ்.